டிஜிட்டல் பியானோவில் பழுது எங்கே இருக்கிறது?

டிஜிட்டல் பியானோவை வீட்டில் பொருத்தும்போது ஒலியை விட உயரத்துக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். நிமிர்ந்து அமர்ந்து விரல்களைக் கட்டைகளின் மேல் வைத்தால், முழங்கை கட்டைகளின் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் மணிக்கட்டு வளைந்தே பழகிவிடும், பிறகு அதைத் திருத்துவது கடினம். நிஜப் பியானோவின் தொடுதலைத் தருவதற்காகக் கட்டைகளுடன் சிறு சுத்தியல்கள் இணைந்த 88 கட்டைக் கருவி கனமானது என்பதால், எடை குறைந்த எக்ஸ் வடிவ ஸ்டாண்டில் வைத்தால் அழுத்தி வாசிக்கும்போது பக்கவாட்டில் ஆடும். மர ஸ்டாண்டாக இருந்தால், எல்லாத் திருகுகளையும் முதலில் கையால் லேசாக மாட்டி, சமதளத்தில் நிறுத்தி, நான்கு கால்களும் தரையில் பதிந்த பிறகே முழுமையாக முறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலிலேயே இறுக்கிவிட்டால் மறுபக்கத்தின் துளைகள் நேருக்கு நேர் வராது.

கருவியுடன் வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். பிளக் பொருந்துகிறது என்பதற்காக வேறொன்றைச் செருகுவது ஆபத்தானது, ஏனெனில் வோல்டேஜும் துருவமும் ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் போதாத அடாப்டர், ஒலியைக் கூட்டும் நேரத்தில் கருவியை அணைத்துவிடவும் கூடும். ஆனால் சிறிது நேரம் வாசிக்காமல் விட்டதும் தானாக அணைந்தால் அது பெரும்பாலும் மின்சாரத்தைச் சேமிப்பதற்கான ஏற்பாடு. அமைப்புகளுக்குள் சென்று அதை நிறுத்திவிடலாம்.

ஒலியே வரவில்லையென்றால் ஹெட்போன் துளையை முதலில் பாருங்கள். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் அதன் சிறிய மாற்றுப் பிளக் துளைக்குள்ளேயே தங்கியிருந்தால் ஸ்பீக்கர்கள் மௌனமாகவே இருக்கும். அடுத்துப் பார்க்க வேண்டியது லோக்கல் கன்ட்ரோல். கட்டைகளையும் கருவியின் உள்ளிருக்கும் ஒலிப் பகுதியையும் இணைத்து வைக்கும் அமைப்பு இது, அணைத்தால் அந்தத் தொடர்பு துண்டிக்கப்படும். ஸ்வரத் தகவல்களைக் கருவிகளுக்கிடையே அனுப்பும் மிடி வழியாகக் கணினியோடு இணைத்துப் பயன்படுத்தியவர்கள் அதை அணைத்து வைத்திருக்கக்கூடும். அது இயங்கும்போதே கணினியும் அதே ஸ்வரங்களைத் திருப்பி அனுப்பினால், ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாகக் கேட்கும். யூஎஸ்பி இணைப்போடு ஆடியோ கேபிளும் மடிக்கணினிக்குச் செல்லும்போது இரைச்சல் எழுந்தால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது தரைக்கம்பி வழியாக வந்தது, பியானோவின் குறை அல்ல.

பலரைக் கலங்கவைப்பது பெடல். காலை எடுத்ததும் எல்லா ஸ்வரங்களும் நீண்டு ஒலிக்கின்றன, மிதித்தால் நின்றுவிடுகின்றன என்றால் பெடல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மிதிக்கும்போது சுற்றை மூடும் பெடல்களும் உண்டு, திறக்கும் பெடல்களும் உண்டு. எந்த வகை செருகப்பட்டிருக்கிறது என்பதைப் பல கருவிகள் இயக்கத் தொடங்கும் தருணத்தில்தான் கண்டறிகின்றன. அப்போது கால் பெடலின் மேல் இருந்தால் கருவி தலைகீழாகப் புரிந்துகொள்ளும். அணைத்து, பிளக்கை இறுதிவரை அழுத்தி, காலை விலக்கி வைத்து மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில பெடல்களின் அடியிலேயே இதற்கென ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும்.

உண்மையான பழுது பெரும்பாலும் கட்டைகளுக்கு அடியில்தான் தோன்றும். எங்கள் வீட்டுக் கருவியில் நடு ஸ்தாயியின் ஒரு கட்டை மட்டும், எவ்வளவு மென்மையாகத் தொட்டாலும் உரத்து ஒலிக்கத் தொடங்கியது. பல கருவிகளில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர் குமிழில் கரி பூசிய இரண்டு தொடுபுள்ளிகள் உள்ளன. கட்டை இறங்கும்போது ஒன்று முதலிலும் மற்றது சற்றுப் பின்னரும் தொடும். அந்த இடைவெளி குறைந்தால் வேகமான அடி, கூடினால் மென்மையான தொடுதல் என்று கருவி கணக்கிடுகிறது. ஒரு தொடுபுள்ளியில் தூசு படிந்தால் கணக்கு பிழைத்து, ஸ்வரம் முழு உரப்பில் வெடிக்கும் அல்லது வராமலே போகும். அந்தக் கட்டையைத் தொடர்ந்து பலமுறை அழுத்தினால் தூசு சில சமயம் விலகும். விலகாவிட்டால் உத்தரவாதக் காலம் இருக்கும்வரை கருவியை நாமே திறக்காமல் சேவை மையத்திடம் ஒப்படைப்பதே நல்லது. எல்லாக் கட்டைகளும் ஒரேபோல் உரத்தோ மந்தமாகவோ இருந்தால் தூசைச் சந்தேகிக்கத் தேவையில்லை, தொடு உணர்வு அமைப்பை மாற்றினால் போதும். தட்டும் சத்தம் கேட்டால் கருவியை அணைத்துவிட்டு அதே கட்டையை அழுத்துங்கள். அப்போதும் கேட்டால் காரணம் சுத்தியலோ அதன் கம்பளித் துணியோதான், ஒலிப் பகுதி அல்ல.

சுருதி விலகியதாகத் தோன்றினால், விலகல் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றோ பலவோ அரைச்சுரங்கள் விலகியிருந்தால், எல்லா ஸ்வரங்களையும் ஒருசேர ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் அமைப்பு மாறியிருக்கிறது. நூலிழை அளவே விலகியிருந்தால், வழக்கமாக 440 ஹெர்ட்ஸில் இருக்கும் பொதுச் சுருதி அமைப்பு நகர்ந்திருக்கிறது. எதைத் தொட்டோம் என்று தெரியாத நிலையில் கருவி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த அமைப்புக்குத் திருப்புவது எளிய வழி. ஆனால் பல கருவிகளில் அது பதிவு செய்த வாசிப்புகளையும் அழித்துவிடும் என்பதால், அவற்றை முன்னதாகவே யூஎஸ்பி டிரைவில் பிரதியெடுத்துக்கொள்ளுங்கள்.