காகிதம் வாசிக்கும் பியானோ: செயின்ட் லூயிஸ் முதல் செடாலியா வரை

ராக்டைம் என்ற பியானோ இசைக்குப் பேர்போன இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின் குடியிருந்த வீடு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 2658, டெல்மார் புலவாரில் இருக்கிறது. டாக்ஸிக்காரரிடம் ‘டெல்மார்’ என்று மட்டும் சொன்னால், மேற்கே வெகுதூரம் தள்ளி உணவகங்களும் கடைகளுமாக இருக்கும் டெல்மார் லூப்பில் இறக்கிவிட வாய்ப்பு அதிகம். கதவு எண்ணோடு சொல்லுங்கள். ஜாப்ளின் காலத்தில் இது மார்கன் தெரு. செங்கல் வீடு, மாடிப் போர்ஷனில் அவரும் மனைவி பெல்லும் 1900களின் தொடக்கத்தில் வாடகைக்கு இருந்தார்கள். அவருடைய ‘தி என்டர்டெய்னர்’ பாட்டு வெளிவந்த 1902ஆம் ஆண்டு இந்தக் காலத்தில்தான் வருகிறது. இப்போது மிசௌரி மாநில அரசின் பொறுப்பில் உள்ள நினைவில்லம். திறக்கும் நாட்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்பும் முன் போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் பழைய மேசை நாற்காலிகளைப் பார்க்க அரைமணி போதும். வருவதற்கான உண்மையான காரணம் அங்கிருக்கும் பிளேயர் பியானோ. ரோல் எனப்படும் துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு தானாகவே வாசிக்கும் பியானோ அது. சுற்றிக்காட்டுபவரிடம் கேட்டால் ரோல் மாட்டி ஓட்டிக் காட்டுவார்கள். எதைக் கேட்பது, என்னத்தைக் கவனிப்பது என்று தெரியாமல் போனால், விரல் இல்லாமல் கட்டைகள் தாமாக அமிழ்வதை வியந்துவிட்டு வெளியே வந்துவிடுவோம்.

முதலில் இயந்திரம். நம்மூர் ஆர்மோனியத்தில் துருத்தி காற்றை உள்ளே தள்ளுகிறது. இங்கே நேர் எதிர். கீழேயுள்ள இரண்டு மிதிகளும் பெட்டிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றுகின்றன. பியானோவின் முகப்பில், கண்மட்டத்தில், வரிசையாகத் துளைகள் கொண்ட ஒரு பித்தளைப் பட்டை இருக்கும். டிராக்கர் பார் என்பார்கள். காகிதம் அதன்மேல் இறுக்கமாகப் படிந்து மேலிருந்து கீழே ஓடுகிறது. காகிதத்துளை பட்டைத்துளைக்கு நேராக வந்ததும் வெளிக்காற்று ஒரு மெல்லிய குழாய்வழியாக உள்ளே நுழைந்து, தோலால் ஆன ஒரு சிறு பையை உப்பவைக்கிறது. பை மேலே உள்ள வால்வைத் தூக்குகிறது. வால்வு திறந்ததும் அந்தச் சுரத்துக்கான சின்னத் துருத்தி வெற்றிடத்தோடு இணைந்து சட்டென்று சுருங்கி, பியானோவின் சுத்தியலை இயக்குகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாக ஒரு பை, ஒரு வால்வு, ஒரு துருத்தி. 88 சுரத்துக்கும் இப்படி.

காகிதத்தின் அகலம் 11¼ அங்குலம். ஆரம்பத்தில் ஆளுக்கொரு அளவில் துளையிட்டார்கள். 1908 டிசம்பரில் பஃபலோ நகரில் தயாரிப்பாளர்கள் கூடி, அங்குலத்துக்கு 9 துளை, 88 சுரம் என்று பொது அளவுக்கு வந்தார்கள். அதற்குமுன் பரவலாக இருந்தது 65 சுர ரோல், அங்குலத்துக்கு 6 துளை. இரண்டின் அகலமும் ஒன்றுதான் என்பதால் கண் எளிதில் ஏமாறும்.

இனி வேகம். பியானோ ரோலை இசைத்தட்டாக நினைப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். எந்தச் சுரம் எதற்குப் பின், எவ்வளவு நீளம் என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. எவ்வளவு வேகம் என்பது இல்லை. அது பியானோவில் கைக்கெட்டும் இடத்தில் உள்ள டெம்போ நெம்புகோலின் கையில். ரோலின் முகப்பில் ‘டெம்போ 70’ என்று அச்சிட்டிருந்தால், நிமிடத்துக்கு 7 அடி காகிதம் ஓடவேண்டும் என்று பொருள். அந்த வேகத்தில் மூன்று நிமிடப் பாட்டுக்கு 21 அடி. நெம்புகோலின் முள் 70இல் நின்றாலும் உண்மையில் 7 அடிதான் ஓடுகிறதா என்பது வேறு கேள்வி. காகிதத்தை இழுக்கும் காற்று மோட்டார் நூறு வருடப் பழசு; அதன் வேகக் கட்டுப்படுத்தி தளர்ந்திருந்தால், ஓட்டுபவர் ஓங்கி மிதிக்கும்போதெல்லாம் பாட்டு ஓடத் தொடங்கும், மிதி தளர்ந்தால் நொண்டும். சரியாகப் பராமரித்த பியானோவில் மிதியின் வேகம் சத்தத்தை மட்டுமே மாற்றும், தாளத்தைத் தொடாது. ஒரு நிமிடம் கேட்டாலே பியானோவின் உடல்நலம் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. கீழ்ச்சுருளில் காகிதம் சேரச்சேர அதன் சுற்றளவு பெரிதாகிறது. மோட்டார் அதே வேகத்தில் சுற்றினாலும் காகிதம் வரவர விரைந்து இழுபடுகிறது. கைதேர்ந்தவர் கடைசிப் பகுதியில் நெம்புகோலை ஒரு நூல் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பார்.

ராக்டைமை வேகமாக வாசிக்கக் கூடாது என்று ஜாப்ளின் தன் அச்சுப் பிரதிகளிலேயே எச்சரிக்கை போட்டவர். ஆனால் பார்வையாளர்களுக்குக் காட்டும்போது வேகம் ஏற்றிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சர்க்கஸ் வாத்தியம்போல் ஆகிவிடுகிறது. தயங்காமல் ‘கொஞ்சம் மெதுவாக இன்னொரு முறை’ என்று கேளுங்கள். மெதுவாக ஓட்டினாலும் சுருதி இறங்காது, இசைத்தட்டுக்கும் ரோலுக்கும் பெரிய வித்தியாசம் இது. பின்னாளில் ஜாஸ் இசையில் புகழ்பெற்ற டியூக் எலிங்டன் இளைஞராக இருந்தபோது, பியானோ கலைஞர் ஜேம்ஸ் பி. ஜான்சனின் ரோல் ஒன்றை இப்படி மெதுவாக ஓட்டி, அமிழும் கட்டைகளில் விரல் வைத்தே பாடம் செய்தார்.

காது கேட்கட்டும், கண் காகிதத்தில் இருக்கட்டும். இடப்பக்கத் துளைகள் மந்திர ஸ்தாயி, வலப்பக்கம் தார ஸ்தாயி. இடப்பக்கத்தில் ஒற்றைத் துளை, சற்று வலத்தே தள்ளி இரண்டு மூன்று சேர்ந்த துளைக்கூட்டம், மீண்டும் ஒற்றை, மீண்டும் கூட்டம் என்று இடைவெளி பிசகாமல் வரும். அதுதான் இடக்கையின் நடை. வலப்பக்கத் துளைகள் அந்த வரிசையோடு நேர்கோட்டில் தொடங்காமல் இடையிடையே முன்தள்ளி நிற்கும். ராக்டைமின் மொத்த மிடுக்கும் அந்தத் தள்ளலில் இருக்கிறது. ஜாப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ ஓடினால் முதல் பகுதியின் ஏழாவது தாளக்கட்டத்திலிருந்து (பார்) கவனியுங்கள்: இடக்கை நடை நின்றுபோய், ஏ பிளாட் மைனர் சுரங்கள் கீழிருந்து மேலாக ஏறும். காகிதத்தில் துளைகள் இடமிருந்து வலமாகச் சாய்ந்த படிவரிசையாக இறங்கி வருவது பட்டையைத் தொடும்முன்பே தெரியும்.

அதே பார்வையில் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைக்கும்: இதை யாராவது வாசித்தார்களா, இல்லை மேசையில் உட்கார்ந்து அளந்து துளையிட்டார்களா? ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் துளைகள் எல்லாம் அளவுகோல் வைத்ததுபோல் ஒரே கோட்டில் தொடங்கினால் பெரும்பாலும் மேசை வேலை. மயிரிழை முன்பின்னாக இருந்தால் கைவாசிப்பு. அப்படியும் அதை நூற்றுக்கு நூறு நம்ப முடியாது. கைவாசிப்பையும் பின்னர் திருத்தி, நேராக்கி, கூடுதல் சுரங்கள் சேர்த்து விற்றார்கள். பத்து விரலுக்கு எட்டாத அளவு துளைகள் ஒரே வரியில் இருந்தால் அது திருத்தியவரின் கைவண்ணம்.

ஜாப்ளின் இசைத்தட்டு எதுவும் பதிவு செய்யவில்லை. அவர் பெயரில் கைவாசிப்பாக வந்தவை 1916ஆம் ஆண்டின் சில ரோல்கள் மட்டுமே. கானரைஸ்டு நிறுவனத்துக்கு ‘மேப்பிள் லீஃப் ராக்’, ‘சம்திங் டூயிங்’, ‘வீப்பிங் வில்லோ’, ‘மேக்னெடிக் ராக்’, ‘பிளசன்ட் மொமென்ட்ஸ்’, இன்னொரு இசையமைப்பாளரான டபிள்யூ. சி. ஹேண்டியின் ‘ஓல் மிஸ் ராக்’. பிறகு ஏயோலியன் நிறுவனத்தின் யூனி-ரெக்கார்ட் முத்திரையில் இன்னொரு ‘மேப்பிள் லீஃப்’. முந்தையது ஏப்ரல், பிந்தையது ஜூன். ஒரே பாட்டு, ஒரே ஆள், இரண்டு மாத இடைவெளி. கிடைத்தால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கானரைஸ்டு ரோல் வழவழப்பாக, தாளம் பிசகாமல் போகும். ஜூன் ரோலில் தாளம் தடுமாறும், சுரங்கள் முந்திப் பிந்தி விழும். ஜாப்ளின் அப்போது சிபிலிஸ் நோயின் பிடியில் இருந்தார். 1917 ஏப்ரல் 1இல் நியூயார்க்கில் இறந்தார். தடுமாற்றம் நோயினாலா, ரோல் தயாரிப்பின் குறையா என்பதில் வல்லுநர்களுக்குள் கருத்து வேற்றுமை இருக்கிறது. எங்களுக்கு ஜூன் ரோல்தான் முக்கியம். ஏப்ரல் ரோலில் கேட்பது திருத்தியவரையும் சேர்த்துத்தான்.

‘பிளசன்ட் மொமென்ட்ஸ்’ ரோல் தொலைந்ததாகவே கருதப்பட்டு 2006இல் நியூசிலாந்தில் கிடைத்தது. ஜாப்ளினுடையது எனப்படும் ‘சில்வர் ஸ்வான் ராக்’ அவர் காலத்தில் அச்சில் வரவே இல்லை; 1970இல் கிடைத்த ரோலிலிருந்து எழுதியெடுத்து மறு ஆண்டு வெளியிட்டார்கள். ரோலுக்காக இசையமைப்பாளருக்குக் காசு கொடுக்கவேண்டும் என்ற சட்டமே 1909இல்தான் வந்தது, ஒரு ரோலுக்கு 2 சென்ட். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க உச்சநீதிமன்றம், துளைபோட்ட காகிதம் இசைக்குறிப்பின் நகல் ஆகாது என்று தீர்ப்பளித்திருந்தது.

கேட்கும்போது கோளாறுகளையும் அடையாளம் காணலாம். ஒரே ஒரு சுரம் மட்டும் எப்போதும் மௌனம் என்றால், பட்டைத்துளையில் காகிதத் தூசி அடைத்திருக்கும். அதற்கென்றே உள்ள கைப்பம்பால் உறிஞ்சி எடுக்கவேண்டும், ஊதினால் தூசி வால்வுக்குள் போய் உட்காரும். ஒரு சுரம் விடாமல் அமுங்கியே கிடந்தால் ரப்பர் குழாய் விரிசல் விட்டிருக்கிறது அல்லது வால்வு மூடவில்லை. திடீரென்று பக்கத்துச் சுரங்களெல்லாம் தப்பாக ஒலித்தால் காகிதம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. மழைக்காலப் புழுக்கத்தில் காகிதம் உப்பி அகலும். நடுவில் சரியாகவும் இரு ஓரங்களில் பிசகாகவும் ஒலிக்கும். ஓரம் கிழிந்த ரோலைச் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தால், அந்தப் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டு இன்னும் பெரிதாகக் கிழிக்கும். மெல்லிய திசுத்தாளும் கோதுமைப் பசையும்தான் சரி.

செயின்ட் லூயிஸிலிருந்து மேற்கே சுமார் 300 கிலோமீட்டரில் செடாலியா. அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் மிசௌரி ரிவர் ரன்னர் ரயில் அங்கே நிற்கும். 1899 ஆகஸ்டில் இசைப் பதிப்பாளர் ஜான் ஸ்டார்க், ஜாப்ளினுக்கு விற்கும் பிரதிக்கு ஒரு சென்ட் என்று ‘மேப்பிள் லீஃப் ராக்’ ஒப்பந்தம் போட்டது இந்த ஊரில்தான். ஜாப்ளின் வாசித்த மேப்பிள் லீஃப் கிளப்பின் கட்டடம் இப்போது இல்லை. கிழக்கு மெயின் தெருவில் ஒரு நினைவுக்கல் மட்டும். சும்மா நாளில் போனால் ஏமாற்றம்தான். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் நடக்கும் ஜாப்ளின் விழாவைப் பார்த்துத் தேதி வையுங்கள்.

இந்தப் பக்கம் பழம்பொருள் கடைகளில் ரோல் கண்ணில் பட்டால், வாங்குமுன் சுருளின் இரு முனைகளையும் பாருங்கள். இரு பக்கமும் ஆணிபோல் நீட்டிக்கொண்டிருந்தால் அது 65 சுர ரோல், 88 சுர பியானோவில் ஓடாது. முதல் இரண்டடியை மெல்லப் பிரியுங்கள். மடித்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். பெட்டி லேபிளை நம்ப வேண்டாம், உள்ளே வேறு ரோல் இருப்பது சகஜம். தலைப்பும் எண்ணும் ரோலின் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். சுருள் தளர்ந்திருந்தால் ஓரத்தை உள்ளங்கையால் தட்டிச் சமன்செய்யாதீர்கள், விளிம்பு நசுங்கும். வீட்டுக்கு வந்ததும் பியானோவில் ஒருமுறை மெதுவாக ஓட்டித் திருப்பிச் சுற்றினால் தானாக இறுகும்.