செடியாவுக்கு காத்து மட்டும் குடுத்தா பத்தாது

என்கிட்ட இருக்கிறது 2007 மிட்சுபிஷி லேன்சர் செடியா கார், நம்ம திருவள்ளூர்ல செஞ்ச வண்டி, 2 லிட்டர், 115 குதிரை சக்தி, ஒரு காலத்துல ராலி ஓட்டுறவங்க தேடித்தேடி வாங்குனது. எனக்கு உசுரு.

போன வருஷம் பெங்களூர் ஜே.சி. ரோடு போய் ஓப்பன் கோன் ஃபில்டர், அதாவது மேல மூடுற பெட்டி இல்லாத கூம்பு மாதிரி ஏர் ஃபில்டர், வாங்கி மாட்டுனேன், சத்தம் அருமையா இருந்துச்சு, ஆனா சித்திரை வெயில்ல கிருஷ்ணகிரி டோல்கேட்ல பத்து நிமிஷம் நின்னு கிளம்புனா வண்டி எழுந்திரிக்கவே மாட்டேங்குது. ரேடியேட்டர் பக்கத்து அனல் காத்தத்தான இழுக்குது, காத்து 30 டிகிரி கூட சூடாச்சுன்னா பத்துல ஒரு பங்கு அடர்த்தி போயிடும். அதுக்கும் மேல நம்மூரு கிரானைட் லாரி தூசி. ஃபில்டர கழட்டி பைப்புக்குள்ள விரல் விட்டா கோலமாவு மாதிரி ஒட்டுது! அது சிலிண்டருக்குள்ள போனா பிஸ்டன் ரிங்கு என்னத்துக்கு ஆகும்? அன்னைக்கே கழட்டிட்டேன். கம்பெனி ஏர் ஃபில்டர் பாக்ஸே திரும்ப போட்டு, உள்ள நல்ல பேனல் ஃபில்டர் (தட்டையா இருக்குறது), வெளிக்காத்து வர்ற பைப்ப முன் கிரில் ஓரமா மேல ஏத்தி வச்சேன், கீழ பம்பர்ல வச்சா மழைத்தண்ணி குடிச்சு என்ஜின் போயிடும்.

சரி காத்து வந்தாச்சு, ஆனா சேலத்துல இருந்து வரும்போது தொப்பூர் ஏத்தத்துல மூணாவது கியர்ல அழுத்துனா ஒரு திணறல். ஸ்பார்க் பிளக் கழட்டி பாத்தா வெள்ளை வெளேர்னு இருக்கு, அதாவது பெட்ரோல் பத்தல. இப்ப பங்க்ல வர்றது ஈ20 வேற, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும், அப்ப அதே காத்துக்கு ஈ20 சுமார் 9 சதவீதம் கூடுதலா ஊத்தணும். மெதுவா போறப்ப ஆக்சிஜன் சென்சார் பாத்து ஈசியு (என்ஜினோட கம்ப்யூட்டர்) சரிபண்ணிக்கும், முழுசா அழுத்துறப்ப அது கணக்குல எடுக்காது, மாட்டுறது அங்கதான்.

மெக்கானிக் அண்ணன் பெட்ரோல் லைன்ல பிரஷர் கேஜ் மாட்டி ஓட்ட சொன்னாரு, லோடு ஏறுறப்ப முள்ளு கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்குது. "தம்பி, பெட்ரோல் பம்பு மூச்சு வாங்குது"ன்னாரு. முதல்ல பம்பு ஃபியூஸ எடுத்துட்டு வண்டி தானா ஆஃப் ஆகுற வரை ஓட விட்டு, அப்பறம் பேட்டரி நெகட்டிவ் கழட்டிட்டுதான் லைன்ல கை வச்சாரு, இத யாரும் விட்றாதீங்க, பிரஷரோட பெட்ரோல் பீச்சும். பின்சீட்டுக்கு அடியில மூடிய திறந்து பம்ப எடுத்தா அதோட சல்லடையான ஸ்ட்ரெய்னர் கன்னங்கரேல்னு இருக்கு, ஒரு ரப்பர் ஹோஸ் உப்பி, நகத்தால கீறுனா துகள் துகளா வருது. பம்பு, ஸ்ட்ரெய்னர், ஃபில்டர் மொத்தமும் புதுசு, ஹோஸுக்கு டேங்குக்குள்ள பெட்ரோல்ல முங்கி கிடந்தாலும் தாங்குற ஜே30 ஆர்10 போட்டது, சாதா ஹோஸ் வேண்டாம்னு கறாரா சொல்லிட்டேன்.

பெட்ரோல பீச்சுற இன்ஜெக்டர் நாலையும் ஓசூர்ல டெஸ்ட் பெஞ்சுல போட்டு பாத்தோம், நாலு கண்ணாடி குழாய்ல ஒண்ணுல மட்டும் ஒரு விரக்கடை கம்மி, ஸ்ப்ரேவும் கோடு மாதிரி விழுது. அல்ட்ராசோனிக்ல கழுவுன அப்பறம் நாலும் சமமா நின்னுச்சு பாருங்க, பாக்கவே அவ்வளவு சந்தோசம். பெரிய இன்ஜெக்டர் போடலாமேன்னு ஒரு கடையில சொன்னாங்க, ஈசியு டியூன் பண்ணாம அத போட்டா வண்டிய கெடுக்குறதுதான், வேண்டாம்னுட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை வீட்டுல எல்லாரையும் ஏத்திக்கிட்டு, ஏசி போட்டு அதே தொப்பூர் ஏத்தம். முன்ன 14க்கு மேல காட்டுன ஏஎஃப்ஆர் மீட்டர் (காத்து-பெட்ரோல் விகிதம் காட்டுறது, நம்பர் குறைஞ்சா பெட்ரோல் கூட) 12.7ல அசையாம நின்னுச்சு, மூணாவது கியர்லயே மேல வந்துட்டோம். தர்மபுரியில டீ குடிக்க நிறுத்துனப்ப அம்மா, "என்னடா இன்னைக்கு வண்டி சத்தமே இல்லாம ஏறுது"ன்னு கேட்டாங்க.