நான்காவது மூடியில்தான் கசிவு நின்றது

மீன் தொட்டிச் செடிகளுக்கு வேண்டிய சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) வாயுவை வீட்டிலேயே தயாரிக்க ஆரம்பித்தேன், கசிவில்லாமல் ஓடி இன்றோடு 19 நாள். டிராப் செக்கர் (தண்ணீரில் எவ்வளவு சிஓ2 இருக்கிறது என்று நிறத்தில் காட்டும் சின்னக் குப்பி) பச்சையிலேயே நிற்கிறது. மதியம் மூன்று மணிக்கு மேல் மான்டி கார்லோ செடியின் இலைகளில் முத்து முத்தாகக் குமிழ் கட்டுகிறது. சிலிண்டர் இல்லை, ரெகுலேட்டர் இல்லை. இரண்டு கூல்டிரிங்ஸ் பாட்டில், 200 கிராம் சிட்ரிக் ஆசிட், 200 கிராம் சமையல் சோடா, அவ்வளவுதான். ஒரு தடவை நிரப்ப அறுபது ரூபாய்கூட ஆகவில்லை. ஆனால் இந்த நிலைக்கு வர இரண்டு மாதம் பிடித்தது. அதில் முக்கால்வாசி நாள் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டியதில் போயிற்று. அதனால் இந்தப் பதிவும் பெரும்பாலும் மூடியைப் பற்றித்தான்.

டேங்க் 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி, 54 லிட்டர். சென்னை, மொட்டை மாடிக்கு நேர் கீழ் வீடு. முதலில் எல்லாரையும் போல ஈஸ்ட்டும் சர்க்கரையும்தான். மே மாத வெக்கையில் முதல் இரண்டு நாள் ஈஸ்ட் பேய் வேகத்தில் பொங்கியது, ஆறாம் நாள் அடங்கிவிட்டது. இரண்டாம் நாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தால் டெட்ரா மீன் கூட்டம் முழுக்க மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. செடிகள் இருட்டில் வாயுவை எடுத்துக்கொள்ளாது, ஈஸ்ட்டை நிறுத்தவும் முடியாது. ஏரேட்டரைப் போட்டுக் காப்பாற்றினேன். அன்றைக்கே ஈஸ்ட்டைக் கைவிட்டேன்.

கணக்குப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 200 கிராம் சர்க்கரை முழுதாகப் புளித்தால் சுமார் 100 கிராம் வாயு. 200 கிராம் சமையல் சோடா முழுதாக வினைபுரிந்தால் சுமார் 105 கிராம். ஆனால் சிட்ரிக் முறையில் ஒரு பாட்டிலில் இருக்கும் ஆசிட் மற்ற பாட்டிலில் உள்ள சோடாவில் இறங்கித்தான் வாயு வரும்; நீடில் வால்வை (வாயு போகும் அளவைக் கட்டுப்படுத்தும் திருகு) மூடினால் பாட்டில்களுக்குள் அழுத்தம் சமமாகி, ஆசிட் இறங்குவது நின்றுவிடும். ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். அதற்காகவே மாறினேன்.

இன்னொரு கணக்கும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. 54 லிட்டர் தண்ணீரில் 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) சிஓ2 என்றால் ஒன்றரை கிராமுக்குக் கொஞ்சம் கூடத்தான். 105 கிராம் கையில் இருக்கும்போது நான்கே நாளில் எப்படித் தீர்கிறது? நீர்ப்பரப்பு வழியாகக் கொஞ்சம் போகும், சரி. மீதி?

மீதி மூடி வழியாகப் போனது.

முதல் மூடி: துளை போட்டு, ஏர் டியூபைச் செருகி, சுற்றிலும் சூப்பர் க்ளூ. சாயங்காலம் பாட்டில் கல் மாதிரி இருந்தது, காலையில் தொளதொளவென்று கிடந்தது. இரண்டாவது மூடி: உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி எபாக்சி பூசினேன். மூன்றாம் நாள் எபாக்சி வளையம் முழுசாகப் பொருக்கு மாதிரிக் கையோடு வந்தது. இந்த மூடிகள் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். எந்தச் சாதாரணப் பசையும் அவற்றில் பிடிக்காது. பசையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது மூடியில் பசையே இல்லை. டியூபை விடச் சின்னதாகத் துளை போட்டு, டியூபின் நுனியைச் சாய்வாகச் சீவி, வெந்நீரில் முக்கி, பிளையரால் மறுபக்கம் இழுத்தேன். இறுக்கமாகத்தான் உட்கார்ந்தது. ஈஸ்ட்டுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் சிட்ரிக் தரும் அழுத்தம் அதிகம், துளையின் ஓரத்தில் மெல்லச் சீறியது. போதாததற்கு நான் போட்டிருந்தது சிலிகான் டியூப். சிலிகானின் சுவர் வழியாகவே சிஓ2 வெளியே கசியும் என்று அப்போதுதான் புரிந்தது.

நான்காவதுக்குப் பாரிமுனை போய், நியூமேட்டிக் (காற்றழுத்த) சாமான் விற்கிற கடையில் 6 எம்எம் பல்க்ஹெட் கனெக்டர்கள் (துளையில் நட்டால் இறுக்கி, டியூபைச் செருகும் இணைப்பு), நான்கு மீட்டர் பியு (பாலியூரிதேன்) டியூப் (வெளியே 6, உள்ளே 4), ஓ-ரிங் எல்லாம் வாங்கினேன். மூடியின் மேலும் கீழும் ஓ-ரிங் வைத்து நட்டை முறுக்கியாயிற்று. சோப்புத் தண்ணீர் தடவினால் மறுபடியும் குமிழ்! வெறுத்தே போனேன். உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, குமிழ் மூடியில் இல்லை, டியூப் செருகிய வாயில். கத்தரிக்கோலால் வெட்டிய டியூபின் முனை ஒரு பக்கம் சாய்ந்து நசுங்கியிருந்தது. கனெக்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையம் டியூபை முழுவட்டமாகப் பிடிக்கவில்லை. புது பிளேடால் நேர்குத்தாக வெட்டி, முதல் தடை தாண்டி இன்னும் அழுத்தி, அடி தட்டும்வரை செருகினேன். பிறகு இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பாட்டிலை வாளித் தண்ணீரில் முக்கிப் பத்து நிமிஷம் பார்த்தேன். ஒரு குமிழ் இல்லை. இரண்டு மாதத்துப் பிரச்சினைக்கு விடை ஒரு பிளேடு வெட்டு.

கலவையில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆசிட் 300 மில்லி தண்ணீரில். கரையும்போது பாட்டில் சில்லென்று ஆகும், வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது. சோடா 200 மில்லியில். முழுதாகக் கரையாது, கூழாக இருக்கட்டும். ஆசிட் பாட்டிலை லேசாக ஒரு பிழி, போதும். வேகமாகப் பிழிந்தால் நுரை டியூபுக்குள் ஏறிவிடும். கேஸ் அடைத்த பானம் வந்த பாட்டிலை மட்டும் பயன்படுத்துங்கள். குடிதண்ணீர் பாட்டில் இந்த அழுத்தம் தாங்காது, கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். இரண்டு பாட்டிலுக்கும் நடுவில் உள்ள ஒருவழி வால்வுகளைத் திசை பார்த்து மாட்டுங்கள்.

டிராப் செக்கர் பற்றி ஒரு புலம்பல். ஆன்லைனில் வாங்கினேன், கூடவே வந்த குப்பியில் வெறும் நீல டை மட்டும், கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) அளவு தெரிந்த கரைசல் இல்லை. டேங்க் தண்ணீரையே ஊற்றச் சொல்லித் தாளில் போட்டிருந்தார்கள், அது தப்பு. நானே செய்தேன்: ஒரு லிட்டர் பேட்டரி வாட்டரில் (டிஸ்டில்டு வாட்டர்தான், ஆசிட் கேனை எடுத்துவிடாதீர்கள்) 1.2 கிராம் சமையல் சோடா. அது 40 கேஹெச். அதில் 10 மில்லி எடுத்து 90 மில்லி பேட்டரி வாட்டர் சேர்த்தால் 4 கேஹெச். அதோடு நான்கு சொட்டு புரோமோதைமால் ப்ளூ (நிறம் மாறும் சாயம்). பச்சை என்றால் 30 பிபிஎம் சுற்றுவட்டாரம், மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. நிறம் மாற இரண்டு மணி நேரம்வரை ஆகும், அவசரப்பட்டு வால்வைத் திருகாதீர்கள்.

டிஃப்யூசர் (வாயுவைக் குமிழாகத் தண்ணீரில் விடும் கருவி) கொளத்தூர் வண்ணமீன் கடைத்தெருவில் வாங்கியது. செராமிக் தட்டு, பொடிப் பொடியாக விடுகிறது. ஃபில்டரின் நீரோட்டத்துக்கு நேர் கீழே வைத்தபோதுதான் குமிழ் டேங்க் முழுக்கச் சுற்றியது. அந்தக் கடைத்தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் செடி புதிதாக இருக்கும், கூட்டமும் இருக்கும்.

அடுத்த ரவுண்டில் ஆசிட்டைக் குறைக்கப் போகிறேன். 192 கிராம் ஆசிட்டுக்கு 252 கிராம் சோடா தேவை என்பது கணக்கு. சமமாகப் போட்டால் ஆசிட்தான் மிச்சமாகும். 170 கிராம் போதும் என்று நினைக்கிறேன். வாயு இப்படியே நின்றால் ரோட்டாலா மக்ராண்ட்ரா நட ஆசை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துச் செடி, ஆனால் என் டேங்கில் இரண்டு முறை கரைந்து போயிற்று.

லைட் பத்து மணிக்கு. வால்வை எட்டரைக்கே திறந்துவிடுகிறேன், விநாடிக்கு ஒரு குமிழ். ஆசிட் பாட்டிலில் இன்னும் நாலு விரற்கடை இருக்கிறது.