ஈர்க்கில் ஏறிய செங்காந்தள்

இன்று காலை என் செங்காந்தளில் முதல் பூ விரிந்துவிட்டது. மூன்று வருடமாகக் காத்திருந்தேன். ஆறு இதழும் பின்பக்கம் மடங்கி, அடி மஞ்சளும் நுனி சிவப்புமாக நிற்கிறது. இன்னும் சில நாளில் முழுச் சிவப்பாகிவிடும்.

எனக்குக் கொடிப் பைத்தியம் பிடித்தது கிளெமாட்டிஸ் என்ற பூங்கொடியால்தான். ஆனால் பெரிய பூ ரகங்களுக்கு நல்ல குளிர்காலம் வேண்டும். குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிப் பக்கம் மார்கழியில்கூட அந்தக் குளிர் கிடையாது. ஒன்று வாங்கினேன், ஒரு கோடையைத் தாண்டவில்லை. அதை வளர்ப்பவர்கள் சொல்லும் 'தலைக்கு வெயில், வேருக்கு நிழல்' மட்டும் மனதில் நின்றது. நம் வேலியில் தானாக வரும் காந்தளும் அப்படித்தானே நிற்கிறது? கிழங்கு புதருக்கு அடியில், பூ புதருக்கு மேலே.

சரி, ஏறும் விஷயத்துக்கு வருகிறேன். என் இரண்டு வருடத்தைத் தின்றது அதுதான். கிளெமாட்டிஸ் இலைக்காம்பால் பற்றும், காந்தள் இலை நுனியால் பற்றும். பிச்சியைப் போலத் தண்டு எதையும் சுற்றாது. அந்த நுனி ஒரு சின்னச் சுருள், அவ்வளவுதான். முதல் வருடம் இரண்டு அங்குல பிவிசி குழாய் நட்டேன். நுனிகள் குழாயைத் தொட்டுவிட்டு, வெறும் காற்றில் சுருண்டு நின்றன. அடுத்த வருடம் மரச்சீனிக் கம்பு. அதுவும் தடிமன்தான். ஆடிக் காற்று கணவாய் வழியாக வந்த ஒரு ராத்திரியில் தண்டு அடியோடு ஒடிந்தது. அந்த வருடம் அது மறுபடி முளைக்கவே இல்லை.

இந்த முறை அம்மை வாரியல் கட்ட வைத்திருந்த தென்னை ஈர்க்கைக் கேட்டு வாங்கினேன். நான்கு மூங்கில் கம்பு நட்டு, குறுக்கே ஈர்க்குகளை நான்கு விரல் இடைவெளியில் தும்புக்கயிற்றால் கட்டினேன். பச்சை ஈர்க்கைக் கட்டவே கூடாது. காய்ந்து சுருங்கும்போது முடிச்செல்லாம் நழுவிவிடும். ஒரு வாரம் வெயிலில் போட்டு எடுத்த பிறகுதான் கட்ட வேண்டும். நுனிச் சுருள் ஈர்க்கை ஒரே நாளில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டது! காற்றடித்தால் ஈர்க்கும் ஆடுகிறது, கொடியும் கூடவே ஆடுகிறது. இந்த ஆடியில் ஒரு தண்டுகூட ஒடியவில்லை.

இடத்தையும் மாற்றினேன். மேற்கேயிருந்து வரும் காற்றை வீடே தடுக்கட்டும் என்று கிழக்குச் சுவரோரம் வைத்தேன். காலை வெயில் தாராளம். ஓட்டுத் தண்ணீர் சொட்டும் இடத்திலிருந்து இரண்டடி தள்ளி, மண்ணை மேடாக்கித்தான் நட்டேன். தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். முக்கியமாக, காச்சிலும் சிறுகிழங்கும் போட்ட பக்கம் வேண்டவே வேண்டாம். காந்தளில் கொல்ச்சிசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, கிழங்கு முதல் விதை வரை எல்லாம் நஞ்சு. சமையலுக்குத் தோண்டுகிற கையில் இது மாறி வந்துவிடக் கூடாது. குழந்தைகளும் ஆடும் நெருங்காத இடமாகவும் இருக்க வேண்டும்.

கிழங்கு வாங்குவது பற்றி ஒரு ஆதங்கம். காந்தளுக்குக் கலப்பைக் கிழங்கு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? கலப்பை போல வளைந்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு முளை இருக்கும். போன வருடம் பார்சலில் வந்தவற்றில் பாதிக்கு முனை ஒடிந்திருந்தது. கேட்டால், "கிழங்கு நல்ல பெருசுதானே" என்றார் விற்றவர். முளை போன கிழங்கு எத்தனை பெரிதாக இருந்து என்ன? இனி நேரில் போய், முனையைப் பார்த்துத்தான் வாங்குவேன். ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே வயலில் போடுகிறார்கள், அங்கே ஒரு நடை போக வேண்டும். மஞ்சள் பூ ரகமும் தேட வேண்டும். அதற்குத் தெற்கு மூலையில் இப்போதே இடம் பார்த்துவிட்டேன்.

அதற்கு முன்னால் மகரந்தம் சேர்க்கிற வேலை இருக்கிறது. இந்தப் பூவில் சூல்தண்டு பக்கவாட்டில் சட்டென்று மடங்கி விலகி நிற்கிறது, தன் மகரந்தம் அதில் எளிதில் படாது. மேலே இரண்டாவது மொட்டு பச்சையாகத் தொங்குகிறது. அது விரிகிற அன்று காலையில் ஒரு பஞ்சால் தொட்டு வைத்துப் பார்ப்பேன்.

பந்தலில் மேல் மூன்று வரிசை இன்னும் கட்டவில்லை. கொடி அதற்குள் உச்சிக் கம்பைத் தாண்டிவிட்டது. காய்ந்த ஈர்க்கு ஒரு பிடிதான் மிச்சம், சாயங்காலம் அதைக் கட்டிவிட வேண்டும்.