சே குவேரா மட்டும் போதாது: கிளை நூலகத்தில் ஒரு லத்தீன் அமெரிக்க ரேக்

"லத்தீன் அமெரிக்கப் புத்தகமெல்லாம் எடுத்து ஒரு ரேக்கில் வையுங்கள்" என்று சொன்னால், முதலில் சே குவேராவும் காஸ்ட்ரோவும் வந்து பாதி ரேக்கை அடைத்துக்கொள்வார்கள். மீதியைக் கொலம்பிய நாவலாசிரியர் மார்க்கேஸ் பிடித்துக்கொள்வார். சே படம் தருமபுரியில் ஆட்டோ முதுகிலேயே போகிறது. அதைப் பார்க்க யாரும் நூலகப் படி ஏற வேண்டாம். தலைவர்கள் வரலாறு ஐந்துக்கு ஒன்று, அதற்கு மேல் இல்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது.

அமெரிக்கப் பொது நூலகங்களில் இப்படித் தொகுத்து வைப்பது செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை, ஹிஸ்பானிக் மரபு மாதத்தில் நடக்கும். 1968-இல் ஒரு வார விழாவாக ஆரம்பித்து, 1988-இல் ஒரு மாதமாக நீண்டது. கோஸ்ட்டா ரிக்கா, எல் சால்வடோர், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், நிகரகுவா ஐந்துக்கும் விடுதலை நாள் செப்டம்பர் 15. நமக்கு அன்று அண்ணா பிறந்தநாள், 17 பெரியார். வாசல் மேசையும் அறிவிப்புப் பலகையும் அவர்களுக்கே. அதில் போட்டிக்கு நிற்கக் கூடாது. மெக்சிகோவின் விடுதலை நாளான 16-ஆம் தேதி உள்ளே ஒரு ரேக்கில் தொடங்கி, நவம்பர் 14 முதல் 20 வரை வரும் நூலக வார விழாவோடு முடித்தால் இரண்டு மாதம் கிடைக்கும்.

எதை எடுப்பது என்பதில் ஒரு குழப்பம் வரும். ஹிஸ்பானிக் என்றால் ஸ்பானிய மொழி வழி: ஸ்பெயின் உண்டு, பிரேசில் இல்லை. லத்தீனோ என்றால் லத்தீன் அமெரிக்க மண்ணின் வழி: பிரேசில் உண்டு, ஸ்பெயின் இல்லை. ரேக்குக்கு இரண்டாவதுதான் சரி. ஸ்பெயின்காரரான செர்வாண்டெஸ் அவர் இடத்திலேயே இருக்கட்டும். முதலில் இழுக்க வேண்டிய பெயர் சிலி நாட்டுப் பள்ளி ஆசிரியையும் கவிஞருமான கேப்ரியேலா மிஸ்ட்ரல். லத்தீன் அமெரிக்காவுக்கு இலக்கிய நோபலை முதலில் கொண்டுவந்தவர் அவர், 1945-இல். அதே நாட்டுக் கவிஞர் நெரூதாவுக்குக் கிடைத்தது 1971-இல்தான். ஆனால் நம் ஊரில் நெரூதாவைத் தெரிந்த பத்துப் பேரில் மிஸ்ட்ரலைத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அதிகம்.

புத்தகங்களைத் தேடும்போதுதான் வேலை தெரியும். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி முறையில் ஸ்பானியக் கவிதை 861, நாவல் 863. பிரேசில்காரர்கள் போர்த்துக்கீசிய மொழிக்காரர்கள், அதனால் 869. அமெரிக்காவில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதும் லத்தீனோக்களின் நாவல்கள் 813. மெக்சிகோ வரலாறு 972, தென் அமெரிக்கா 980. இது போதாதென்று, தமிழில் வந்த மொழிபெயர்ப்பை யாராவது தமிழ் நாவல் என்று நினைத்து 894.8113-இல் செருகியிருப்பார்கள். மொழிபெயர்ப்பு மூல மொழியின் எண்ணில்தான் நிற்க வேண்டும். இப்படி ஆறேழு இடத்தில் சிதறிக் கிடப்பதை எண்ணை மாற்றிச் சேர்க்கக் கூடாது. முதுகில், எண் சீட்டுக்கு மேலே, இரண்டு செ.மீ. அகலத்தில் ஒரு நிறப்பட்டை. சேர்க்கைப் பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் பென்சிலால் 'ல.அ.' அவ்வளவுதான். பட்டை இல்லாவிட்டால் இரவல் போய்த் திரும்பும் புத்தகம் பழைய இடத்துக்கே போய்விடும், மூன்றாவது வாரம் ரேக் காலி. பட்டைக்கு பைண்டிங் துணியைப் பயன்படுத்துங்கள். செல்லோ டேப் அடுத்த கோடைக்குள் மஞ்சளாகி, பிசின் கசிந்து பக்கத்துப் புத்தகத்தையும் பிடித்துக்கொள்ளும்.

மூன்றடித் தட்டில் மூன்று புத்தகத்தை அட்டை தெரிய நிறுத்தினால் 42 செ.மீ. போய்விடும். மீதியில் இருபது வையுங்கள், போதும். இறுக்கி அடைத்தால் எடுப்பவர் முதுகின் தலையைப் பிடித்து இழுப்பார், அது கிழியும்.

ரொம்பத் தொல்லை தருவது பெயர்கள். ஸ்பானியப் பெயரில் இரண்டு குடும்பப் பெயர் வரும்: முதலாவது அப்பா வழி, அடுத்தது அம்மா வழி. அடைவு முதலாவதில்தான். ஆகவே 'கார்சியா மார்க்கேஸ், காப்ரியேல்' என்று 'கா' வரிசையில் போக வேண்டியவரை நாம் 'மா'வில் வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்போம். அதிலும் ஒரு பதிப்பகம் மார்க்கேஸ், இன்னொன்று மார்க்வெஸ். பெரு நாட்டு நாவலாசிரியர் வர்காஸ் யோசா இன்னும் மோசம்: ஸ்பானியத்தில் இரட்டை 'ல்' பெரும்பாலும் 'ய' ஒலி; ஆங்கில எழுத்தைப் பார்த்து மொழிபெயர்த்தவர் லோசா என்று எழுதியிருப்பார். அச்சான அட்டையைத் திருத்த முடியாது. ஒரு வடிவத்தைத் தேர்ந்து, மற்ற வடிவத்துக்கெல்லாம் ஆளுக்கொரு 'காண்க' அட்டை எழுதுங்கள்: "லோசா — காண்க: வர்காஸ் யோசா". நெரூதா, மிஸ்ட்ரல் இருவருக்கும் இந்த வேலை இல்லை, இரண்டும் புனைபெயர்.

ரேக்குக்கு மேலே சுவரில் கொடியும் தொப்பியும் ஒட்டுவதை விட்டுவிடுங்கள். நம் சந்தையே போதும், அதிலிருந்து பொருளுக்கு ஒரு விளக்க அட்டை. பாலக்கோடு, ராயக்கோட்டை வண்டிகளில் ஏறும் தக்காளியின் ஆங்கிலப் பெயர் 'டொமேட்டோ', 'சப்போட்டா' இரண்டும் மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலிருந்து கிளம்பியவை. 'அன்னாசி' பிரேசிலின் துப்பி மொழிச் சொல், போர்த்துக்கீசியர் வாய்வழி வந்தது. ஆயுத பூஜைக்கு நாம் கட்டும் செண்டுமல்லி மெக்சிகோ பூ. அங்கே நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களுக்குப் படைப்பதும் இதே பூதான். எதிர்த் திசையில் போனது நம் மாங்காய்: போர்த்துக்கீசியத்தில் 'மங்கா'வாகி, ஸ்பானியத்தில் 'மாங்கோ'வாக நிற்கிறது. கிருஷ்ணகிரிக்காரர்கள் இந்த அட்டை முன்னால் கொஞ்சம் நிற்பார்கள். ஒரு அட்டைக்கு மூன்று வரி போதும். பூவையும் பழத்தையும் மட்டும் நிஜமாகக் கொண்டுவந்து வைக்காதீர்கள், எறும்பும் கரப்பானும் பின்னாலேயே வரும்.

அக்டோபர் 2 விடுமுறை. அதற்கு முந்தைய நாளே மெக்சிகோ கவிஞர் ஒக்தாவியோ பாஸ் அட்டையை முன்னே வைத்துவிடலாம். 1962 முதல் டெல்லியில் மெக்சிகோவின் தூதராக இருந்தவர். 1968-இல் அதே அக்டோபர் 2 அன்று தன் நாட்டு அரசு மாணவர்களைச் சுட்டதைக் கண்டித்துப் பதவியை விட்டார்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நூலகங்களுக்கு இன்னொரு ஆள் முக்கியம்: புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து போய் 1921-இல் நியூயார்க் பொது நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பூரா பெல்ப்ரே. வீட்டில் ஸ்பானியம் பேசும் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியிலும், பொம்மை வைத்து, கதை சொன்னார். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் இங்கேயும் அதே மாதிரி வாய் திறக்காமல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இருபது நிமிடம் போதும். கதையைத் தமிழில் சொல்லி, பொம்மை பேசும் வரிகளை மட்டும் வீட்டு மொழிக்கு விடுங்கள். சொல்லப்போகும் கதையின் புத்தகம் அன்று இரவல் போகாமல் மேசையிலேயே இருக்க வேண்டும். கதை முடிந்த ஐந்து நிமிடத்துக்குள் கைக்குக் கிடைக்காத புத்தகத்தை எந்தப் பிள்ளையும் மறுபடி வந்து கேட்பதில்லை.