ரத்தம் எடுக்கும்போது விரல் தேட வேண்டிய சிரை

தோலுக்கு அடியில் பச்சையாக ஓடும் கோட்டைப் பார்த்ததுமே ஊசியைச் செருகுவதுதான் இந்த வேலையில் புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம். பளிச்சென்று தெரியும் சிரை பல நேரம் மெலிந்ததாக இருக்கும். ரத்தம் தாராளமாக வரும் சிரையோ கண்ணுக்கே படாமல் கொஞ்சம் ஆழத்தில் கிடக்கும். அதை விரலால்தான் பிடிக்க வேண்டும். அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழும்பினால் அது நல்ல சிரை. கயிறு மாதிரி இறுகிக் கிடந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தொட வேண்டாம். துடித்தால் தமனி.

இந்த வித்தியாசம் குழாயின் சுவரிலிருந்தே வருகிறது. தமனி, சிரை இரண்டுக்கும் உள்ளுறை, நடுவுறை, வெளியுறை என மூன்று அடுக்குகள் உண்டு. இதயத்தின் ஒவ்வொரு உந்தலையும் தாங்க வேண்டியிருப்பதால் தமனியின் நடுவுறையில் தசையும் மீள்நாரும் தடித்திருக்கும். சிரையில் அழுத்தம் மிகக் குறைவு, சுவரும் மெல்லியது. உடலிலுள்ள ரத்தத்தில் பாதிக்கு மேல் எந்நேரமும் சிரைகளில்தான் தங்கியிருக்கிறது.

கையை இறுக்கும் பட்டையான டூர்னிக்கெட்டைக் குத்தும் இடத்துக்கு 7 முதல் 10 செ.மீ. மேலே கட்டுகிறோம். சிரை அடைபட வேண்டும், தமனி ஓட வேண்டும். அதற்கு மேல் இறுக்கக் கூடாது. கட்டிய பிறகு மணிக்கட்டில் நாடி தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டால் தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் வழியாக நீர் வெளியே கசிந்து, புரத அளவு கூடுதலாகக் காட்டும். கையை மூடி மூடித் திறக்கச் சொல்வதும் வேண்டாம், பொட்டாசியம் பொய்யாக ஏறும்.

முழங்கை மடிப்பில் முதலில் நடுவிலுள்ள சிரையைத் தேடுங்கள். அதிகம் நழுவாது. அடுத்தது கட்டைவிரல் பக்கத்துச் சிரை. சுண்டுவிரல் பக்கத்தில் இருப்பது கடைசித் தேர்வாகவே இருக்கட்டும். புயத்தமனியும் நடுநரம்பும் அதன் பக்கத்திலேயே போகின்றன. ஷாக் அடித்ததுபோல் விரல்வரை வலி பாய்கிறது என்று நோயாளி சொன்னால், டூர்னிக்கெட்டைத் தளர்த்தி ஊசியை உடனே வெளியே எடுங்கள். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையில் இணைத்த இடம்) வைத்திருக்கும் கையில் ரத்தம் எடுக்கவே கூடாது.

ஸ்பிரிட் தானாகக் காயட்டும், சுமார் 30 விநாடி. ஈரத்தோடு குத்தினால் எரியும், ரத்த அணுக்களும் உடையலாம். இடத்துக்குக் கீழே தோலைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்தால் சிரை நழுவாது. 21 கேஜ் ஊசி (கேஜ் எண் கூடினால் ஊசி மெலியும்), முனையின் சாய்வாக வெட்டிய முகம் மேல்நோக்கி, சாய்வு 30 பாகைக்குள்.

ரத்தம் வந்து நின்றுவிட்டால் பதற்றப்பட்டு ஊசியை அப்படியும் இப்படியும் துழாவாதீர்கள். நரம்பில் காயம் படுவது பெரும்பாலும் அப்போதுதான். ஊசிமுனை சுவரையோ வால்வையோ முட்டியிருக்கலாம். ஒரு மயிரிழை பின்னால் இழுத்தால் மறுபடி வரும். வயதானவர்களின் மெல்லிய சிரை, டியூபின் வெற்றிட இழுப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். அங்கே சிறிய டியூபும் பிடிக்க இறக்கை வைத்த 23 கேஜ் பட்டர்ஃபிளை ஊசியும் உதவும். ஊசியைச் சுற்றித் தோல் உப்பினால் சிரையின் பின்சுவரும் துளைபட்டு ரத்தம் திசுவில் கசிகிறது என்று பொருள். அத்தோடு நிறுத்திவிட்டு அழுத்துங்கள்.

டியூப் வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுப்பதானால் அதுதான் முதலில். பிறகு நீல மூடி, சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல். ஊதா டியூபில் இருக்கும் பொட்டாசியம் ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) அடுத்த டியூபுக்கு ஒட்டிப் போனால் பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கிக் காட்டும். நீல டியூபில் ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு (இதுவும் உறையாமல் தடுப்பதுதான்) 9 பங்கு ரத்தம் இருக்க வேண்டும். குறி வரை நிரம்பாவிட்டால் உறைதல் நேரம் தவறாக நீளும். டியூப்களை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள், குலுக்க வேண்டாம்.

ஊசியை எடுக்கும் முன்பே டூர்னிக்கெட் அவிழ்ந்திருக்க வேண்டும். பஞ்சை வைத்து, கையை மடக்காமல் நேராக நீட்டி, ரத்தம் நிற்கும்வரை அழுத்தச் சொல்லுங்கள். கையை மடக்கினால் துளை சரியாக மூடாமல் தோலடியில் ரத்தம் கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இன்னும் கூடுதல் நேரம் தேவைப்படும். தவறித் தமனியில் பட்டுவிட்டால் ரத்தம் செக்கச்செவேலென்று துடித்துத் துடித்து வரும். அங்கே குறைந்தது 5 நிமிடம் நீங்களே அழுத்திப் பிடியுங்கள், நோயாளியிடம் விடாதீர்கள்.