ஜிஎன்எம் இரண்டாம் ஆண்டில் கணவரை இழந்தேன், படிப்பை விடவில்லை

என் கணவர் இறந்தபோது நான் ஜிஎன்எம் என்கிற நர்சிங் டிப்ளமோ படிப்பில் இரண்டாம் ஆண்டு. மகளுக்கு நாலு வயது. 35 வயது வரை சேரலாம் என்பதால் கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, அதன்பிறகு நர்சிங் படிக்க வருகிற பெண்கள் பல கல்லூரிகளில் ஒன்றிரண்டு பேராவது இருக்கிறோம். அவர்களில் யாருக்காவது இப்படி நடந்தால் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்கு ஊரே வந்தது. படிப்பை என்ன செய்வது என்று தெரிந்து சொன்னவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

அவர் சாத்தூர் பக்கம் லோடு வேன் ஓட்டினார். அன்று விடியற்காலையில் நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லி, கடையில் சோடா குடித்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார். கொஞ்ச தூரத்தில் ஓரம் கட்டி நிறுத்தியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் பார்த்து 108-க்குச் சொல்லியிருக்கிறார்கள். அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. வயது 34. நான் ஹாஸ்டலில் காலை டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனைக்கு வரும் முன்பே இறந்தவர் என்பதால் போலீஸுக்குத் தகவல் போனது. சந்தேக மரணங்களுக்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174 என்று சொல்வார்களே, அது இப்போது பிஎன்எஸ்எஸ் என்கிற புதுச் சட்டத்தில் 194-வது பிரிவு. அதில் வழக்குப் பதிந்து போஸ்ட்மார்ட்டம் செய்தார்கள். இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற இடது தமனியில் முழு அடைப்பு என்று அறிக்கை வந்தது. அதே தமனியை முதலாம் ஆண்டு அனாடமி ரெக்கார்டில் சிவப்புப் பென்சிலால் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. அவர் கையை ஒரு தடவை பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். "கட்டைப் பிரிக்கக் கூடாது தாயி, நேரமாகுது" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்போது எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர், "நர்சுக்குத்தான படிக்கிற, உனக்கு முன்னாடியே தெரியலையா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி பல ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. பக்கத்தில் இருந்திருந்தால் நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுத்திருப்பேனே என்ற நினைப்பு வேறு. எங்கள் மெடிக்கல் சர்ஜிக்கல் மேடத்திடம்தான் இதைச் சொல்லி அழுதேன். அவர் ஆறுதல் வார்த்தை எதுவும் பேசவில்லை. "சிபிஆரும் ஷாக்கும் கிடைக்காத ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7-லிருந்து 10 சதவீதம் குறையும்னு நான்தான உங்களுக்கு நடத்தினேன். வண்டியில தனியா இருந்தவருக்கு யார் என்ன செஞ்சிருக்க முடியும்? ஐசியூவுக்குள்ளயே இதயம் நின்னுபோனவங்கள்ல நாங்க எத்தனை பேரத் திருப்பிக் கொண்டுவந்திருக்கோம், போய்க் கேளு" என்றார். அந்தப் பதில்தான் எனக்கு வேலை செய்தது. படித்த பாடத்தை வைத்தே என்னை நான் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தேன். அதே பாடம்தான் என்னை விடுவிக்கவும் வேண்டியிருந்தது.

காரியம் முடிந்ததும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: ஒரு வருஷம் நிறுத்திவிட்டு அப்புறம் போ. அக்கறையோடு சொன்னார்கள். ஆனால் அந்த ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் திரும்பிப் போகவே மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. கல்லூரிக்குப் போய் பிரின்சிபால் மேடத்தைப் பார்த்தேன். தியரி, பிராக்டிகல் இரண்டிலும் குறைந்தபட்ச வருகை இருந்தால் பரீட்சை எழுதலாம், பிராக்டிகலில் விட்டுப்போன நேரத்தை மட்டும் படிப்பு முடியும் முன் 100 சதவீதம் ஆக்கிவிட வேண்டும் என்று நர்சிங் கவுன்சில் விதியை எடுத்துக் காட்டினார். அதாவது விடுப்பு எடுத்தவுடனேயே வருஷம் போய்விடாது. விடுமுறையில் டியூட்டி பார்த்து ஈடு செய்யலாம். இது தெரியாமலேயே படிப்பை நிறுத்திவிட்டவர்கள் இருப்பார்கள் என்று நினைக்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. வாய்வார்த்தையாகப் பேசாமல் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, தேதி போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். போஸ்டிங்கை மாற்றித் தரவும் அதே கடிதத்தில் கேளுங்கள். எனக்கு அடுத்து வரவேண்டியது ஐசியூ. அதைத் தள்ளிவைத்து குழந்தைகள் வார்டு கொடுத்தார்கள்.

கல்விக்கடனில் ஒரு சிக்கல் வந்தது. கல்யாணமான மாணவிக்குக் கணவரோ மாமனார் மாமியாரோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவது வழக்கம். எனக்கு அவர்தான் போட்டிருந்தார். அவர் போன பிறகு அடுத்த தவணைப் பணத்தை விடுவிக்க வேறு ஆள் வேண்டும் என்றது வங்கி. என் அப்பாவுக்கு வயதாகிவிட்டது, அவர் பெயரில் எதுவும் இல்லை. என் மாமியார் யாரிடமும் கேட்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்து பெருவிரல் ரேகை வைத்தார். வெளியே வந்ததும், "எம்புள்ள ஆரம்பிச்சு வச்சது, நடுவுல நிக்கக் கூடாது" என்றார். மகனைப் பறிகொடுத்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இன்றுவரை என் மகளை அவர்தான் வளர்க்கிறார்.

சொந்தக்காரர் சிலர் வேறு மாதிரி. பொட்டு, பூ, வளையல், எதிரே வரலாமா கூடாதா என்று வீட்டுக்குள் என்னைச் சுற்றிப் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. கல்லூரிக்குத் திரும்பிய முதல் நாள் யூனிஃபார்ம் போட்டு வரிசையில் நின்றேன். டியூட்டியில் யாரும் பூ வைப்பதில்லை, வளையல் போடுவதில்லை, எல்லோருக்கும் இறுக்கிக் கட்டிய கொண்டைதான். அந்த வரிசையில் யார் கணவர் உள்ளவள், யார் இல்லாதவள் என்று பார்த்துச் சொல்ல முடியாது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அங்கேதான் சரியாக மூச்சு விட்டேன். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதுதான் இருக்கும். என்ன பேசுவதென்று அதுகளுக்குத் தெரியவில்லை. "அக்கா, ரெக்கார்டு நோட் எழுதி வச்சிருக்கோம்" என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். ராத்திரி ஹாஸ்டலில் ஒருத்தி தன் கட்டிலை என் கட்டிலோடு சேர்த்துப் போட்டுக்கொண்டாள். பேசவே வேண்டியிருக்கவில்லை.

சமாளித்துவிட்டேன் என்று நினைக்கிறபோதுதான் எதிர்பாராத இடத்தில் இடிக்கும். ஈசிஜி வகுப்பில் மாரடைப்பு வந்தவரின் தாளைக் காட்டி எஸ்டி பகுதி எப்படி ஏறியிருக்கிறது என்று விளக்கியபோது எழுந்து வெளியே போய்விட்டேன். எவரும் காரணம் கேட்கவில்லை. பிறகு அந்தப் பாடத்தைத் தனியாக உட்கார்ந்து படித்தேன்.

மன நல நர்சிங்கில் துக்கத்தின் ஐந்து நிலைகள் வந்தன. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. பரீட்சைக்கு வரிசையாக எழுத வேண்டும். எனக்கு அப்படி வரிசையாக எதுவும் வரவில்லை. காலையில் ஏற்பு, மத்தியானம் கோபம், ராத்திரி மறுப்பு. எனக்கு ஏதோ கோளாறு என்று பயந்தேன். கூப்ளர் ராஸ் என்கிற மனநல மருத்துவர் 1969-ல் இதை எழுதியது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசித்தான். துணையை இழந்தவர்களை வைத்து அல்ல என்று மேடம் சொன்ன பிறகு அந்தப் பயம் போனது. பாடத்தை நடத்துகிறவர்கள் எல்லோரும் இதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

நான் அதிகம் பயந்தது ஆண்கள் மெடிக்கல் வார்டுக்கு. அங்கே ஒரு நாள் நாற்பது வயதுக்குள் இருக்கிற ஒருவர் இறந்தார். கல்லீரல் கெட்டுப்போய் வந்தவர். ஸ்டாஃப் சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்றார். இல்லை சிஸ்டர், நானும் செய்கிறேன் என்றேன். கண்களை மூடி, கை கால்களை நேராக்கி, ஊசிகளையும் ட்யூபுகளையும் எடுத்து, உடம்பைத் துடைத்தோம். அடுத்தது தாடையைக் கட்டுவது, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவது, அடையாளச் சீட்டு, துணி சுற்றுவது. சுற்றுவதற்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன். அவர் மனைவி கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூட்டிவந்து ஸ்டூல் போட்டு, திரையை இழுத்துவிட்டு, "இன்னும் கட்டல, கையைப் பிடிச்சுக்கோங்க. ஆளுங்க வர நேரம் இருக்கு" என்றேன். அவர் கையைப் பிடித்ததோடு நிற்கவில்லை. முடியைக் கோதினார், சட்டைப் பையைத் தடவினார், காதில் என்னவோ சொன்னார்.

உறவினருக்குப் பார்க்க நேரம் தர வேண்டும் என்பது நாங்கள் படிக்கிற செய்முறையிலேயே இருக்கிறது. நெரிசலான வார்டில் முதலில் விட்டுப்போவதும் அதுதான். அன்றிலிருந்து நான் இருக்கிற எந்த டியூட்டியிலும் அதை விட்டதில்லை. போலீஸ் விசாரணை உள்ள கேஸ் என்றால் எதையும் கழற்றக் கூடாது, துடைக்கக் கூடாது என்பது தெரியும். அப்போதும் சிஸ்டரைக் கேட்டுக்கொண்டு கையைப் பிடிக்க மட்டுமாவது விடுவேன்.

மூன்றாம் ஆண்டில் பிரசவ வார்டு. தாலி இல்லாதவள் பிள்ளையை வாங்கலாமா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று உள்ளுக்குள் நடுங்கினேன். யாரும் கேட்கவில்லை. வலியில் இருக்கிறவர்கள் என் கழுத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பிடித்தார்கள்.

காகித வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பெயர் எழுத்துகள் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள், பிறகு திருத்துவது பெரும்பாடு. வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அவருடைய பாஸ்புக்கை வரி வரியாகப் படியுங்கள். வருஷத்துக்கு 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு, எந்தக் காரணத்தால் இறந்தாலும் நாமினிக்கு 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக்கு மட்டும், மாரடைப்புக்குக் கிடைக்காது. எங்கள் வீட்டில் அந்த 436 பற்றி அவர் சொன்னதே இல்லை, நான்தான் பாஸ்புக்கில் கண்டுபிடித்தேன். அந்தப் பணத்தை மகளின் பெயரில் போட்டு வைத்திருக்கிறேன். விதவை உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய், அதற்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, ஆதரவற்ற விதவைச் சான்றிதழ். அதைத் தாசில்தார் தரமாட்டார், கோட்டாட்சியர்தான் தருவார். தமிழ்நாடு அரசு நேரடி நியமனங்களில் பெண்களுக்கான 30 சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு ஆதரவற்ற விதவைகளுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தச் சொல்லே பிடிக்கவில்லை என்று நான் முதலில் விண்ணப்பிக்க மறுத்தேன். மாமியார்தான் வாதாடிச் சம்மதிக்க வைத்தார். வருமான வரம்பு இருப்பதால் படிக்கிற காலத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. இப்போது இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். முடித்து, சென்னையில் நர்சிங் கவுன்சில் பதிவு செய்த பிறகு, அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கிற தேர்வு வாரியமான எம்ஆர்பியின் அறிவிப்பு வந்தால் விண்ணப்பம் போடலாம். கிராம நிர்வாக அலுவலர் வந்து விசாரித்துவிட்டுப் போய்விட்டார். கோட்டாட்சியர் அலுவலகத்தில் கையெழுத்து மட்டும் பாக்கி.